அட்டை வரட்டும்; பஸ் நிற்குமா?

சென்னையில் பஸ் ஏறுகிறவர்களுக்குச் சில்லறைத் தொல்லை குறைந்திருக்கிறது. 2023இல் மெட்ரோ ரயிலுக்காக வந்த சிங்காரச் சென்னை அட்டை, 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்துகளிலும் செல்லுபடியாகிறது. நடத்துநரின் டிக்கெட் கருவியில் அட்டையைக் காட்டினால் போதும், கட்டணம் கழிந்துவிடும். நாளை நம் மாவட்டத்துக்கும் இது வரலாம்.

வரட்டும். நமக்குச் சில்லறை வெறும் காசு விவகாரம் அல்ல. நான் பள்ளிக்குப் போன காலத்தில் ஒரு நடத்துநர் இருந்தார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் விரல் படாமல் பாக்கிக் காசை மேலிருந்து போடுவார். தவறி உருண்டால் ஓடும் பஸ்ஸில் குனிந்து பொறுக்க வேண்டும். அட்டைக்குத் தீட்டு தெரியாது; அந்த அளவில் அதை வரவேற்கலாம்.

ஆனால் அட்டையை நீட்ட முதலில் பஸ்ஸில் ஏற வேண்டுமே! ஊர் நிறுத்தத்தில் நின்று ஆள் ஏற்றும் டவுன் பஸ், காலனி நிறுத்தத்தில் கைகாட்டினாலும் வேகம் குறையாமல் போவது நமக்குப் புதிதல்ல. 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் 'ஓசி டிக்கெட்தானே' என்ற ஏளனமும் சேர்ந்துகொண்டது. ஓசி அல்ல, அதற்கான பணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குத் தருகிறது. காலை பஸ் ஒன்று நிற்காமல் போனால் மாணவிக்கு முதல் வகுப்பு போகிறது, கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளமே போகிறது.

புகார் சொன்னால் 'நின்றோம், யாரும் ஏறவில்லை' என்பார்கள். உண்மையைக் கருவி காட்டுமா? அதில் இருப்பவை கட்டண ஸ்டேஜ்கள். காலனி பெரும்பாலும் ஸ்டேஜ் அல்ல. அங்கே ஏறினாலும் டிக்கெட்டில் முந்தைய ஸ்டேஜின் பெயர்தான் விழும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். பல கருவிகளில் நீக்குவதற்கு அந்தப் பெயரே இல்லை.

சுயமரியாதை இயக்கத் தலைவர் சௌந்தரபாண்டியன் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, ஆதி திராவிடர்களை ஏற்ற மறுக்கும் தனியார் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். அவர் யாருடைய மனமாற்றத்துக்காகவும் காத்திருக்கவில்லை. விதியைக் கையில் எடுத்தார்.

இன்றும் அப்படி ஒரு விதி வேண்டும். நம் குடியிருப்பு நிறுத்தங்கள் ஒவ்வொன்றும் கருவியில் தனிப் பெயராக ஏற வேண்டும். கட்டணம் மாறத் தேவையில்லை. பள்ளி நாள் காலையில் ஒரு நிறுத்தத்தில் தொடர்ந்து ஒரு டிக்கெட்கூட விழவில்லையென்றால் கிளை மேலாளர் காரணம் கேட்க வேண்டும். கட்டணமில்லா டிக்கெட்டும், அட்டையில் கழியும் டிக்கெட்டும் இதில் ஒரே கணக்குதான்.

அதுவரை மாணவர்கள் ஒரு நோட்டுப் போடுங்கள். நிற்காத பஸ்ஸின் தடம் எண், வண்டி எண், தேதி, நேரம். ஒரு மாதம் எழுதி, பிரதி வைத்துக்கொண்டு, கிளை மேலாளருக்கும் ஆட்சியரின் திங்கட்கிழமை மனுநாளுக்கும் கொண்டுபோங்கள். ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.