384 எம்.பி. போதும்

என் வீட்டுப் பரணில் பழைய மடிக்கணினி ஒன்று கிடக்கிறது. 2 ஜி.பி. நினைவகம் கொண்டது. இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அதை யாரும் மதிப்பதில்லை. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் இருந்தால்தான் உள்ளே வருவேன் என்கிறது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் ஒரு பொருளைச் செத்ததாக அறிவிக்கும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தார்கள்?

இந்தக் கேள்விதான் என்னை ஹைக்கூ இயங்குதளத்திடம் கொண்டு சேர்த்தது. பெயருக்கும் கவிதைக்கும் உண்மையிலேயே உறவுண்டு. 1990களில் உருவான பிஓஎஸ் இயங்குதளத்தின் உலாவி, பிழைச் செய்திகளை ஹைக்கூ கவிதைகளாகவே காட்டியது. 2001இல் அதன் நிறுவனத்துச் சொத்துகளைப் பாம் நிறுவனம் வாங்க, பிஓஎஸ் அநாதையாயிற்று. அதே ஆண்டில் ஆர்வலர்கள் சிலர் அதைப் புதிதாக எழுதத் தொடங்கினர்; 2004இல் ஹைக்கூ என்று பெயரிட்டனர். முதல் ஆல்ஃபா 2009இல், முதல் பீட்டா 2018இல், ஐந்தாம் பீட்டா 2024இல். அவசரமே இல்லாத மனிதர்கள்!

அவர்கள் கேட்பதும் கொஞ்சம்தான். 32 பிட் பதிப்புக்கு பென்டியம் 2 செயலி, 384 எம்.பி. நினைவகம், 3 ஜி.பி. இடம். வசதியாகப் புழங்க 2 ஜி.பி. நினைவகமும் 16 ஜி.பி. இடமும் இருந்தால் நல்லது.

ஆனால் எண்களை மட்டும் நம்பி இறங்கக் கூடாது என்பது என் கருத்து. இத்தகைய இயங்குதளங்களில் உண்மையான தேவை அளவல்ல, பொருத்தம். ஹைக்கூவின் கம்பியில்லா இணைப்புக்கான இயக்கிகள் பெரும்பாலும் பிஎஸ்டி குடும்பத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. உங்கள் கணினியின் வைஃபை அட்டை அவற்றுக்கு அறிமுகமில்லாததென்றால், 32 ஜி.பி. நினைவகம் இருந்தும் பயனில்லை. போன மாதம் வாங்கிய விலையுயர்ந்த கணினியைவிட, ஊரெல்லாம் புழங்கிய பழைய மாடலே இங்கே கைகொடுக்கக்கூடும்.

ஆகவே முதலில் காலியான பென் டிரைவ் ஒன்றில் அதை எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்தே கணினியை இயக்கலாம். வன்தட்டைத் தொட வேண்டியதில்லை. திரை, ஒலி, இணைப்பு மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் நிறுவுங்கள். அன்றாட வேலைக்கும் வங்கிக் கணக்குக்கும் பயன்படும் ஒரே கணினியில் இந்தச் சோதனை வேண்டாம்.

லினக்ஸ் இருக்கும்போது இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அன்றாடப் பயன் மட்டுமே நோக்கமென்றால் லினக்ஸ்தான் சரியான பதில், மறுக்கவில்லை. ஆனால் 1.44 எம்.பி. நெகிழ்தட்டு ஒன்றுக்குள் அடங்கி, 8 எம்.பி. நினைவகத்தில் ஓடும் கோலிப்ரி போன்ற ஒன்றைப் பார்த்தபிறகு, ஒரு கணினிக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்ற கணக்கு நம் கைக்கு வந்துவிடுகிறது. 4 ஜி.பி. எதற்கு என்று திருப்பிக் கேட்க முடிகிறது. சில நூறு பிரதிகளில் வந்த சிற்றிதழ்களை வாசித்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பழைய கணினியை எடைக்குப் போடுமுன் ஒரு மாலைப்பொழுதை அதற்குக் கொடுத்துப் பாருங்கள்.