முகம் ஒருவர்க்கு, நா மற்றொருவர்க்கா?

திரையில் ஒருவன் சினந்து முழங்குகின்றான். கண் சிவக்கின்றது, கழுத்து நரம்பு புடைக்கின்றது. ஆயினும் அவன் உதடு ஒன்றைச் சொல்ல, நம் காதில் விழும் தமிழ் வேறொன்றைச் சொல்கின்றது. உதடு மூடியபின்னும் ஒலி தொடர்கின்றது. நிற்பவன் மும்பையிலிருந்து வந்திறங்கியவன். தமிழில் ஓரெழுத்தும் அறியாதவன். பேசுபவனோ சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தின் இருட்டறையில் நிற்கும் தமிழன். முகத்துக்குப் பெருந்தொகை, குரலுக்குச் சிறு கூலி. முகத்தின் பெயர் சுவரொட்டியில். குரலின் பெயர் எங்கும் இல்லை. இதற்குத் 'தமிழ்த் திரைப்படம்' என்று பெயர்!

தமிழ்த் திரை என்றும் இப்படி இருந்ததா? இல்லை. அதற்குச் சான்றாக ஒரு வாழ்க்கையையே காட்டுவோம். அவர் டி. எசு. பாலையா.

'குணச்சித்திர நடிகர்' என்று திரையுலகம் வடசொல்லால் அழைக்கும் வகையினர் அவர். நாம் பண்புநடிகர் என்போம். கதைத்தலைவன் காதலிப்பான், பாடுவான், வெல்வான். அவனைச் சுற்றி ஓர் ஊரும் ஒரு குடும்பமும் ஒரு பகையும் உண்டென்று நம்மை நம்பவைப்பவன் பண்புநடிகனே. கட்டடத்தின் முகப்பு தலைவன் என்றால், கடைக்கால் பண்புநடிகன். முகப்புக்கு மாலை சூட்டும் நாட்டில் கடைக்காலை எவரும் நினைப்பதில்லை.

நெல்லைச் சீமையின் சுண்டன்கோட்டையில் 1914-இல் பிறந்த பாலையா, நாடக மேடையில் பயின்று திரைக்கு வந்தவர். 1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி' அவருக்கு முதற்படம். ம. கோ. இராமச்சந்திரனுக்கும் கலைவாணர் என். எசு. கிருட்டிணனுக்கும் அதுவே முதற்படம். அதில் தீயவனாகத் தோன்றிய பாலையாவுக்கு அப்போது அகவை 21.

அப்படத்தை இயக்கியவர் யார்? எல்லிசு ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். அவர்க்குத் தமிழ் தெரியாது. அடுத்த ஆண்டு, 1937-இல், தியாகராச பாகவதரைக் கொண்டு 'அம்பிகாபதி'யை இயக்கியவரும் அவரே. இளங்கோவனின் செறிந்த உரையாடலை அதில் பாலையா எதிர்த்தலைவனாக நின்று பேசினார். இயக்குநர் அமெரிக்கர், ஆயினும் படம் தமிழாக இருந்தது. எப்படி? திரையில் நின்றவர்களின் நாவில் தமிழ் இருந்தது! இன்று இயக்குநர் தமிழர், முதல் போட்டவர் தமிழர், காசு கொடுத்துக் காண்பவர் தமிழர். திரையில் நிற்பவனின் நாவில் மட்டும் தமிழ் இல்லை. அயலான் இயக்கிய நாளில் இருந்த தமிழ், தமிழன் இயக்கும் நாளில் ஓடிப்போயிற்று என்றால் இதனினும் இழிவு உண்டோ?

1931-இல் வந்த முதற் பேசும்படமாகிய 'காளிதாசு'வில் தலைவி டி. பி. இராசலட்சுமி தமிழில் பேச, மற்றவர் தெலுங்கிலும் இந்தியிலும் பேசினர். அக்குழப்பத்தினின்று திரையை மீட்டுத் தமிழுக்கு ஆக்கித் தந்தவர்கள் மேடையிலிருந்து வந்த நடிகர்கள். இளமையிலேயே குழுவில் சேர்ந்து, உரையாடலை ஒப்பித்து, கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கும் ஒலி எட்டுமாறு மூச்சை ஆளப் பயின்றவர்கள். லகர ளகர ழகர வேறுபாடு அவர்களுக்கு ஏட்டு இலக்கணமன்று. பிழைப்புக்கே உரிய கருவி. அந்தக் கருவியைக் கொண்டு பாலையா 36 ஆண்டுகள் என்ன செய்தார் என்று பாருங்கள்.

அண்ணாவின் 'வேலைக்காரி' 1949-இல் படமானபோது, கொதித்தெழும் நண்பனை அறிவுவழி திருப்பும் மணியாக வந்தார். அங்கே அவர் தமிழ் தெளிந்த தமிழ். அறிவுரை கூறும் தோழனின் தமிழ். 1956-இல் 'மதுரை வீரன்' படத்தில் நரசப்பனாக வந்தபோது அதே நா நஞ்சைக் கக்கிற்று. 1964-இல் 'காதலிக்க நேரமில்லை'யில் செல்வம் படைத்த தந்தையின் ஆசையும் அச்சமும் கலந்த பேச்சு. 1965-இல் 'திருவிளையாட'லில் ஏமநாத பாகவதராக, ஒரு நாட்டையே தன் பாட்டுக்கு அடிமை கேட்கும் செருக்கின் பேச்சு. 1967-இல் 'பாமா விசய'த்தில் மூன்று மைந்தரின் ஊதாரித்தனத்தைக் கண்டு வெதும்பும் தந்தையின் பேச்சு. 1968-இல் 'தில்லானா மோகனாம்பா'ளில் தவில்காரர் முத்துராக்காக வந்து, சினங்கொண்ட நாகசுரக்காரனைத் தணித்தும் தாங்கியும் நிற்கும் தஞ்சைப் பேச்சு. தீயவன், தோழன், தந்தை, கலைஞன் என்று ஒரே முகம் இத்தனை மனிதரானது ஒப்பனையால் அன்று. ஒவ்வொருவர்க்கும் ஒரு தமிழ் உண்டென்று அவர் அறிந்திருந்தார்.

இன்னொன்றும் கூறுவோம். 1954-இல் வந்த 'தூக்குத் தூக்கி'யில் அவர் வடநாட்டுச் சேட்டாக நடித்தார். தமிழை உடைத்துப் பேச வேண்டிய வேடம் அது. எவ்விடத்தில் எவ்வளவு உடைத்தால் நகை பிறக்கும் என்று அளந்து உடைத்தார். முழுத்தமிழ் அறிந்தவனுக்கே அவ்வாறு உடைக்கவும் தெரியும். அன்று தமிழன் ஒருவன் சேட்டாக நடித்துத் தன் குரலிலேயே பேசினான். இன்று சேட்டு வீட்டுப் பிள்ளை மதுரைத் தமிழனாக நடிக்கிறான். இரவற் குரலில் பேசுகிறான். காலத்தின் கோலத்தைக் காணீர்!

"முகம் பொருந்தினால் போதாதா? குரலை எவர் கொடுத்தால் என்ன?" என்று கேட்பார் உளர். அவர்கள் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேசு திகிற்கதை சொல்லும் காட்சியை மீண்டும் ஒருமுறை காண்பாராக. கதை சொல்பவர் நாகேசு. பாலையாவுக்குப் பேச்சு மிகக் குறைவு. கேட்பது ஒன்றே வேலை. ஆயினும் அக்காட்சியை அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழர் நினைத்து நினைத்துச் சிரிப்பது எதனால்? நாகேசின் ஒவ்வொரு சொல்லும் பாலையாவின் கண்ணிலும் புருவத்திலும் தொண்டையிலும் சென்று தைப்பதால். நடிப்பிற் பாதி கேட்பது. மொழி அறிந்தவனே கேட்க வல்லவன். மொழி அறியாதவன் கேட்பதில்லை. எதிரே நிற்பவனின் வாய் எப்போது மூடும் என்று காத்திருக்கின்றான். அக்காத்திருப்புக்குக் குரல் கொடுக்க எந்த இருட்டறையாலும் இயலாது.

"ஏமநாத பாகவதரின் பாட்டைப் பாடியவர் பாலமுரளிகிருட்டிணா அல்லரோ? பாட்டுக்கு இரவற் குரலை ஏற்ற நீங்கள் பேச்சுக்கு ஏன் மறுக்கின்றீர்?" என்றும் மடக்குவர். பாட்டு தனிக்கலை, ஆண்டுக்கணக்கிற் பயின்றவனுக்கே அது வாய்க்கும். பேச்சோ நடிகனின் உயிர்த்தொழில். பாடாத நடிகன் நடிகனே. பேசாத நடிகன் பொம்மை. அன்றியும் அப்பாட்டின் ஒவ்வோர் அசைக்கும் பாலையாவின் உதடும் தலையும் கையும் பொருள் அறிந்து அசைந்தன. பாட்டு முடிந்ததும் அதே செருக்கைத் தம் குரலில் தொடர அவரால் முடிந்தது.

பிறப்பால் தமிழரல்லாதவரை விரட்டுவது நம் நோக்கமன்று. எசு. வி. இரங்காராவ் தெலுங்கர். 1960-இல் வந்த 'படிக்காத மேதை'யில் அவர் தம் குரலில் பேசிய தமிழைக் கேட்டுக் கண்ணீர் விடாத தமிழர் குறைவு. எம். என். நம்பியார் மலையாளக் கரையில் 1919-இல் பிறந்தவர். சிறுவனாக நவாபு இராசமாணிக்கத்தின் நாடகக் குழுவிற் சேர்ந்து தமிழைத் தம் நாவுக்கு உரியதாக்கிக் கொண்டவர். இவர்கள் தமிழுக்கு வந்தார்கள், தமிழைக் கற்றார்கள், தமிழிற் பேசினார்கள், தமிழர் தலைமேல் வைத்துப் போற்றினர். நாம் கேட்பது அந்த மதிப்பு ஒன்றையே. எங்கள் மொழியில் தொழில் செய்ய வருபவன் எங்கள் மொழியைக் கற்று வருக! இதனைக் கேட்பது வெறியா?

அரசும் இதில் பொறுப்புடையதே. 2006-இல் தமிழ்ப்பெயர் சூட்டிய படங்களுக்குத் தமிழ்நாட்டரசு கேளிக்கைவரி விலக்கு அளித்தது. நல்லதுதான். 'சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்' என்றிருந்த படம் முன்னிரு சொல்லை உதறிவிட்டு 'உனக்கும் எனக்கும்' ஆயிற்று. ஆனால் நெற்றியில் தமிழைக் கேட்ட அரசு நாவில் தமிழைக் கேட்கவில்லை. பெயர்ப்பலகை தமிழானது, உள்ளே விற்ற சரக்கு மாறவில்லை. 2017-இல் சரக்கு, சேவை வரி வந்தபின் அவ்வரியின் பழைய நிலையும் மாறிவிட்டது. இனியேனும் அரசு தரும் விருதும் மானியமும் தம் குரலில் தமிழ் பேசி நடிப்பவர்க்கே என்று ஆகட்டும். அரசுத் திரைப்படக் கல்லூரியில் ஒலிப்புப் பயிற்சி கட்டாயப் பாடமாகட்டும். குரல் கொடுப்பவர் இன்றியமையாத இடத்தில், முகத்தின் பெயர் வரும் வரிசையிலேயே குரலின் பெயரும் வரட்டும். மறைந்து நின்று உழைக்கும் அத்தமிழரும் நம்மவரே.

எல்லா இந்தியச் சந்தைக்கும் படம் எடுக்கின்றோம், அதனால் எல்லா மாநில முகமும் வேண்டும் என்பது இன்றைய முதலாளிகளின் புதுப்பாட்டு. எல்லார்க்கும் ஆனது எவர்க்கும் ஆகாது. சுண்டன்கோட்டைக்காரன் ஒருவன் தஞ்சைத் தவில்காரனாக மாறி நின்றதனாலேயே 'தில்லானா மோகனாம்பாள்' இன்றும் வாழ்கின்றது. மண்ணின் மணமற்ற முகங்களை அடுக்கி எடுத்த படங்களுள் ஐம்பதாண்டு கழித்து நினைக்கப்படுவது எது என்று அவர்களே எண்ணிக்கொள்ளட்டும்.

பாலையா 1972-இல் மறைந்தார். அவரைப்போல் நாவாண்மை உடைய இளைஞர் இன்றும் தெருக்கூத்திலும் சிற்றூர் நாடகத்திலும் வீதி நாடகக் குழுக்களிலும் ஊர்தோறும் உளர். அவர்கட்கு வாய்ப்பில்லை; வாயில் இருந்தும் வழியில்லை. அவர்களை வாயிற்படியில் நிறுத்திவிட்டு, வாயற்றவனுக்கு வானூர்திச் சீட்டு அனுப்புகின்றது தமிழ்த் திரையுலகம்.

தமிழீர்! நீங்கள் கொடுக்கும் காசில்தான் இத்தொழில் நடக்கின்றது. அடுத்தமுறை திரையில் உதடு ஒன்றும் ஒலி ஒன்றுமாய்க் காணும்போது, இவன் நா எங்கே என்று உரக்கக் கேளுங்கள். கேட்கும் தமிழன் இருந்தால்தான் பேசும் தமிழன் திரைக்கு வருவான்.