ஓசி எண்டால் இளக்காரமா?

பிளைட்கியருக்கு டிசி-3 விமானத்தை இலவசமாக இறக்கிப்போட்டு, "ஓடுபாதையிலேயே சுத்துது, ஓசிச் சாமான்தானே" எண்டு நக்கலடிக்கிற ஆக்களுக்குத்தான் இது.

அது பிழையில்லை, அதுதான் டிசி-3. வால்சக்கர விமானத்தின் ஈர்ப்பு மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு கொஞ்சம் விலகினால் மேலும் விலகத்தான் பார்க்கும். காலால் சுக்கானை மிதித்து அடக்கவேணும். 1935இல் முதன்முதலில் பறந்த இயந்திரத்தின் இந்த முரட்டுக்குணத்தையும் சம்பளமில்லாமல் செய்து தந்திருக்கிறார்கள். அதை இலகுவாக்கச் சொல்வது வரலாற்றைப் பொய்யாக்கச் சொல்வது.

1947இல் எயர் சிலோனின் டிசி-3 இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மெட்ராசுக்குப் பறந்தபோதும் விமானிக்கு இதே கால்வேலைதான்.

காசுதான் குடுக்கேல்லை. பழகிற பொறுமையையாவது குடுங்கோ.