பெயரறிந்து வழிகாட்டுவோம்

மனிதனுக்கு இருப்பிடம் தருவது வீடு. மதிப்புத் தருவது பெயர். இணையத்தில் குடியேறியுள்ள நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் ஒருவர் பெயரைச் சொல்லி அழைக்க, வேறொருவர் வந்து கதவைத் திறந்தால் என் செய்வது?

சென்ற ஆண்டு நிகழ்ந்தது இது. என் வகுப்புத் தோழன் ஒருவன் ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முனைந்தான். அன்று கடைசி நாள். வருமானச் சான்றிதழ் முதல் மதிப்பெண் பட்டியல் வரை எல்லாம் தயார். அறிவிப்பில் அச்சிட்டிருந்த இணையப் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினான். ‘பாதுகாப்பற்ற தொடர்பு’ என்று பிரவுசர் எச்சரித்தது. அவசரத்தில் அதைப் பொருட்படுத்தாமல் மேலே சென்றோம். வந்ததோ ஒரு ஜவுளிக் கடையின் பக்கம்! பத்து முறை தட்டினான். பத்து முறையும் சேலைகளே வந்தன. “எனக்குத்தான் இங்கிலீஷ் எழுத்துச் சரியாக வரவில்லை போலிருக்கிறது” என்றான். அவன் தட்டியதில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. மறுநாள் நண்பகலில் சரியான பக்கம் வந்தது. விண்ணப்பம் மட்டும் மூடப்பட்டிருந்தது.

இயந்திரத்தின் பிழையைத் தன் பிழையென்று ஏற்றுக்கொண்டானே, அதுதான் என்னை உறுத்தியது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த எங்களைப் போன்றோருக்கு இது பழகிப்போன குணம். எனவே குற்றம் எங்கே என்று தேடத் தொடங்கினேன்.

ஒண்டுக் குடித்தனம் நாம் அறியாததா? வீட்டு எண் ஒன்று. உள்ளே குடும்பங்கள் ஆறு. தபால்காரர் எண்ணைப் பார்த்து வாசலுக்கு வருவார். எந்தக் குடும்பத்துக்குரிய கடிதம் என்பதை உறைமேல் உள்ள பெயரே சொல்லும். வெப் சர்வரும் அத்தகையதே. நாம் தட்டும் பெயரை டி.என்.எஸ். என்னும் முறை ஓர் எண்ணாக மாற்றுகிறது. அந்த எண் நம்மை ஓர் இயந்திரத்தின் வாசல்வரை கொண்டு விடுகிறது. அதே இயந்திரத்தில் கடை, பள்ளி, அறக்கட்டளை எனப் பல செயலிகள் குடியிருக்கலாம். யாரைத் தேடி வந்தோம் என்பதை, நம் பிரவுசர் அனுப்பும் ‘ஹோஸ்ட்’ என்னும் ஒரு வரியே உரைக்கிறது.

இவ்வரி தொடக்கத்தில் கட்டாயமாக இருக்கவில்லை. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிதான் அதைக் கட்டாயமாக்கியது. பழைய வகை இணைய எண்கள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி. பெயருக்கொரு எண் என்று வாரி வழங்க இயலுமா? எனவே ஓர் எண்ணில் பல பெயர்கள் வாழ வழி பிறந்தது. முன்வாசலில் நிற்கும் எஞ்சின்எக்ஸ் அல்லது அப்பாச்சி, பெயரைப் படித்து, உள்ளே 3000, 8000 முதலிய போர்ட்களில் காத்திருக்கும் செயலிகளில் உரியதிடம் கோரிக்கையை ஒப்படைக்கிறது.

பட்டியலில் இல்லாத பெயர் வந்தால்? எங்கள் ஆய்வுக்கூடத்துப் பழைய கணினி ஒன்றில் எஞ்சின்எக்ஸை நிறுவிச் சோதித்தேன். இரண்டு பெயர்களை மட்டும் எழுதி வைத்து, எழுதாத மூன்றாம் பெயரால் அழைத்தேன். ‘இல்லை’ என்று அது சொல்லவில்லை; பட்டியலில் முதலில் எழுதிய செயலியைத் திறந்து காட்டியது! வேறு கட்டளை இல்லாவிடில் முதல் குடித்தனமே பொதுக் குடித்தனம் என்பது அதன் விதி. அப்பாச்சியிலும் அவ்வாறே. என் தோழனுக்கு நேர்ந்ததும் இதுவாகவே இருக்கவேண்டும் என்பது என் முடிபு. பிரவுசரின் எச்சரிக்கையும் இதற்கு இசைகிறது. பூட்டிய தொடர்பில் ‘ஹோஸ்ட்’ வரி உறைக்குள் இருப்பதால், சான்றிதழைத் தேர்ந்தெடுக்க உறைமேலும் பெயர் எழுதும் முறை 2003இல் வகுக்கப்பட்டது. அறியாத பெயரைக் கண்ட சர்வர், முதல் குடித்தனக்காரரின் சான்றிதழையே நீட்டியிருக்கும்.

“வெறும் பக்கத்தைவிட ஏதோ ஒரு பக்கம் வருவது மேலல்லவா?” எனச் சிலர் கேட்கலாம். அன்று என்பேன். அன்று வந்தது ஜவுளிக் கடையாக இல்லாமல், சான்றிதழ்களைக் கேட்கும் இன்னொரு படிவமாக இருந்திருந்தால், அவன் தன் வீட்டு விவரங்களை எல்லாம் முன்பின் அறியாதவரிடம் கொட்டியிருப்பான். தெரியாத பெயருக்குத் ‘தெரியாது’ என்பதே நேர்மை. ‘நீங்கள் தேடும் இடம் இதுவன்று’ என்று சொல்லவே 421 என்னும் விடையெண் 2015 முதல் விதியில் இருக்கிறது. அப்படியொரு விடை கிடைத்திருந்தால், தோழன் தன்னை நொந்துகொள்ளாமல் அறக்கட்டளைக்குத் தொலைபேசியில் பேசியிருப்பான்.

ஆதலின் சர்வரைப் பேணுவோர் மூன்று கடமைகளை மறவாதிருத்தல் வேண்டும். பட்டியலின் முதலிடத்தில், அறியாத பெயர்களை மறுக்கும் பகுதியை எழுதுக. சர்வரில் எழுதிய பெயர்கள் யாவும் சான்றிதழிலும் உள்ளனவா என்று ஒப்பிடுக. விளம்பரம் அச்சேறும் முன், ‘டபிள்யூ’ மூன்றும் சேர்த்தும் சேர்க்காமலும் வெளியிலிருந்து தட்டிப் பார்க்க. மூன்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் போதும்.

நம் பேராசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இப்பயிற்சியைச் செய்முறை வகுப்பில் சேர்த்திட வேண்டும். ஒரு பழைய கணினியும் ஒரு பிற்பகலும் இருந்தால் போதுமே! நாளை சர்வர்களின் வாசலில் நிற்கப்போகிறவர்கள் நம் மாணவர்கள். கடைசி நாளில், கையில் சான்றிதழோடு, பெயர் சொல்லி வருபவனைத் தவறான அறைக்கு அனுப்பாதிருக்க அவர்கள் கற்றாக வேண்டும். தோழர்களே, எழுத்துப் பிழை எப்போதும் நம்முடையதன்று. இதையும் நாம் கற்போமாக!