பதினாறு ஆண்டுகள் கழித்து ஒரு பணி ஆணை
அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகள் இட ஒதுக்கீடு: எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

2008-ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வை எழுதிய, முற்றிலும் பார்வையற்ற ஒருவருக்கு வேலை கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2024 ஜூலையில். இடையில் அவர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் வென்றார், டெல்லி உயர் நீதிமன்றத்திலும் வென்றார். ஒன்றிய அரசு விடவில்லை, மேலே மேலே போனது. கடைசியில் வேலை உண்டு என்றானது. போன ஆண்டுகளின் சம்பளமும் பணிமூப்பும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் வழக்குப் போட்டே பணி நியமனத்தை முடக்குகிறார்கள் என்று குறைபடுவோர், இந்த வழக்கை இழுத்தது யார் என்று பார்க்கட்டும்.

சட்டத்தில் குழப்பம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 34-ஆவது பிரிவு குறைந்தது 4 விழுக்காடு ஒதுக்கச் சொல்கிறது. குழப்பமெல்லாம் கணக்குப் போடும் இடத்தில்தான். நூறு காலியிடம் என்று வையுங்கள். அதில் இருபதுதான் இவர்களுக்கு ஏற்றது என்று துறை முதலில் சலித்துவிடும். பிறகு அந்த இருபதில், பழைய சட்டத்தின் 3 விழுக்காடு, அதாவது முக்கால் ஆள்கூட இல்லை! பழைய சட்டக் காலத்தில் நடந்த இந்தச் சாமர்த்தியத்தை 2013-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது: மொத்தக் காலியிடத்தையே கணக்கில் எடுக்க வேண்டும். பணியிடங்களை அடையாளம் காண்பது ஒருவரை எங்கே அமர்த்துவது என்று முடிவு செய்யத்தான். எத்தனை பேரை எடுப்பது என்பதை அது தீர்மானிக்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. உரிமையியல் நீதிபதித் தேர்வில் 40 முதல் 50 விழுக்காடு வரை பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கே ஒதுக்கீடு என்று இங்கே வைத்த வரம்பை உச்ச நீதிமன்றம் 2019-இல் ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு எங்களுக்கு விழுந்த அடி. தேவையான வசதியைச் செய்து கொடுப்பது பற்றி அது யோசிக்கவே இல்லை என்று 2021-இல் அதே நீதிமன்றம் சொல்லி, புதிய சட்டத்தின் கீழ் அது முன்மாதிரி ஆகாது என்றது. 2025 மார்ச்சில், பார்வையற்றோரை நீதித்துறைப் பணிக்கு வெளியே நிறுத்திய மத்தியப் பிரதேச விதி ரத்தானது. அந்த வழக்கு ஒரு தாய் எழுதிய கடிதத்திலிருந்து தொடங்கியது.

சில பணிகளுக்கு விலக்கு தேவைப்படலாம் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது: மாற்றுத்திறனாளிகள் ஆணையரைக் கலந்து, அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் வாய்மொழியாக, 'உங்களுக்கு இது சரிவராது' என்று அனுப்புவது விலக்கு ஆகாது.

ஆகவே நாங்கள் கேட்பது: ஒவ்வொரு தேர்வாணையமும் பொதுத்துறை நிறுவனமும் ஆள்சேர்ப்பு அறிவிப்போடு நிரப்பப்படாமல் தேங்கிய பின்னடைவுப் பணியிடங்களின் எண்ணிக்கையை வகைவாரியாக வெளியிட வேண்டும். அவற்றை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லாமல் மற்றவர்களைக் கொண்டு நிரப்பக் கூடாது. சலுகை எதுவும் பெறாமல் பொதுப்பிரிவு மதிப்பெண்ணைத் தாண்டிய மாற்றுத்திறனாளியைப் பொது இடத்திலேயே சேர்க்க வேண்டும். ஒதுக்கீட்டு இடம் அடுத்தவருக்குப் போகட்டும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் விளக்கம் கேட்டதும் இதைத்தான். தீர்ப்பாயத்தில் ஒருவர் வென்ற பின் மேல்முறையீடு செய்ய விரும்பும் துறை, அதற்கான காரணத்தை எழுதி ஆணையரிடம் முதலில் தர வேண்டும்.

எங்கள் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. நிராகரிப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், தேதியோடு. வழக்கு நடக்கும்போது வயது வரம்பு காத்திருப்பதில்லை.