‘ஆமா’ போட ஓர் ஆள்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். புளியறை எஸ் வளைவில் ஏறுகிற லாரிகளின் ஹாரன் தன்னைத்தான் திட்டுகிறது என்று அவன் சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. மாத்திரை தொடங்கியதும் குரல்கள் அடங்கின. அவனும் சேர்ந்து அடங்கிவிட்டான். வைத்தால் சாப்பிடுவான், சொன்னால் குளிப்பான். பேச்சும் பிடிப்பும் வற்றிப்போவதும் இந்த நோயின் ஒரு முகம்தான், இதற்கு மாத்திரை அவ்வளவாகக் கேட்காது என்றார் டாக்டர்.

போன சித்திரையில் எங்கள் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு. அவனைப் பந்தலோரம் உட்காரவைத்திருந்தேன். புலவர் கதையை ஓரிடத்தில் நிறுத்த, பக்கத்தில் இருப்பவர்கள் ‘ஆமா’ போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் என் காதோரமும் ஓர் ‘ஆமா’, தாளம் தப்பாமல். குடம் அடிப்பவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். விடியும்வரை போட்டான். வீட்டுக்கு வரும் வழியில், “எக்கா, தண்ணி தா” என்றான். அவனாக ஒன்று கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

பாட்டு குணமாக்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலைக் கண்டாலே எனக்கு எரிகிறது. அப்படி ஒருவர் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தி, குரல்கள் திரும்ப வந்து நாங்கள் பட்டது போதும். 18 சோதனைகளை, 1,215 நோயாளிகளை வைத்து 2017இல் வந்த காக்ரேன் ஆய்வும், இசை சிகிச்சையை வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தால் பலன் உண்டு என்றுதான் சொல்கிறது. அதுவும் பயிற்சி பெற்றவர், போதிய தடவை நடத்தினால். ஒரு ராத்திரிக் கொடை அதற்குப் போதாது.

ஆனால் தொடர்ந்து நடத்த ஆள் எங்கள் தென்காசி மாவட்டத்திலேயே உண்டு. இங்கே வில்லுக்காரர்கள், கணியான் கூத்துக்காரர்கள், நையாண்டி மேளக்காரர்கள் கொடை இல்லாத மாதங்களில் பிழைப்புக்கு வேறு வேலை தேடுகிறார்கள். அவர்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுத்து, மனநல மருத்துவரின் மேற்பார்வையில் வாரம் ஒருநாள் அரசு மருத்துவமனையில் உட்காரவைக்கலாம். சமூக மறுவாழ்வு நோயாளியின் உரிமை என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறதே. மாத்திரை வாங்க எப்படியும் செங்கோட்டை பஸ் ஏறித்தான் போகிறோம். இன்னும் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வர மாட்டோமா?

இப்போது ராத்திரியில் வில்லுக்காரர் மாதிரி இழுத்து, “மாத்திரை போட்டாச்சு...” என்று நிறுத்துகிறேன். சில நாள் ‘ஆமா’ வருகிறது. சில நாள் வருவதில்லை.