தொலைபேசியை எடுக்காத அண்ணைமாரும் வாய் திறக்காத வாடகையாளரும்

மார்க்கம் நகரில் எம்மவர் வீடுகளின் நிலக்கீழ்த் தளங்களில் ஒவ்வொரு மாரியிலும் ஒரு கூட்டம் குளிரில் நடுங்கிக்கொண்டு வாழ்கின்றது. அண்மையில் வந்திறங்கிய அகதிக் கோரிக்கையாளர், கல்லூரிப் படிப்புக்கென வந்த மாணவர், கைக்குழந்தையோடு வந்த இளந்தம்பதியர் என்போரே அவர்கள். வெப்பமூட்டி ஒழுங்காக வேலை செய்வதில்லை. சுவரிற் பூஞ்சணம் படர்ந்திருக்கின்றது. குளியலறைக் குழாய் மாதக்கணக்காக ஒழுகுகின்றது. உரிமையாளரோ தொலைபேசியை எடுப்பதில்லை. வட்ஸ்அப் செய்தி வாசிக்கப்பட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுகின்றன. பதில் மட்டும் வருவதில்லை. யாரிடமாவது முறையிட்டாற் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: “அவர் எங்கட ஊராள், கொஞ்சம் பொறுத்துப் போங்கோ தம்பி.”

இந்தப் பொறுமையைத்தான் இக்கட்டுரை எதிர்க்கின்றது. இது பண்பாடும் அல்ல, விட்டுக்கொடுப்பும் அல்ல. ஒரு தரப்பு மட்டும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பதற்கு விட்டுக்கொடுப்பு என்று பெயரில்லை!

எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் ரொறன்ரோவின் வெலஸ்லி - பார்லிமென்ற் சந்தியை அண்டிய மாடிக் கட்டடங்களில் எம்மவர் குடியேறியபோது, வீட்டு உரிமையாளர் என்பவர் முகம் தெரியாத ஒரு நிறுவனம். கரப்பான் பூச்சிக்கும் பழுதான மின்தூக்கிக்கும் எதிராக முறையிடுவதில் எவருக்கும் கூச்சம் இருக்கவில்லை; மொழிதான் தடையாக இருந்தது. பின்னர் ஸ்காபுரோவுக்கும் அங்கிருந்து ஸ்ரீல்ஸ் வீதியைக் கடந்து மார்க்கத்துக்கும் நாம் நகர்ந்தோம். இரவு பகலாக உழைத்து வீடு வாங்கினோம். அது பெருமைக்குரியதே. ஆனால் அந்த வீட்டின் கடனைக் கட்டுவதற்கு நிலக்கீழ்த் தளத்தை வாடகைக்கு விட்ட நாளிலிருந்து நாமே உரிமையாளர், நாமே வாடகையாளர். இப்போது தடையாக நிற்பது மொழியல்ல, முகதாட்சண்யம். ஊரின் பெயரையும் கோயிற் பழக்கத்தையும் நம்பி, எழுத்தில் ஒரு வரியும் இல்லாமல், கையிற் காசாக வாடகை கைமாறுகின்றது. பற்றுச்சீட்டுக் கேட்டால் “என்னில நம்பிக்கை இல்லையோ?” என்று மறுகேள்வி வருகின்றது.

ஒன்ராறியோ மாகாணத்தின் 2006 ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டம் 2007 ஜனவரி 31 முதல் நடைமுறையில் உள்ளது. வாய்மொழி உடன்பாட்டையும் அது வாடகை உடன்பாடாகவே கொள்கின்றது. கேட்டாற் பற்றுச்சீட்டை இலவசமாகக் கொடுக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. வீட்டை நல்ல நிலையிற் பேண வேண்டியதும் அவரது கடமையே. குறைகளைப் பார்த்து அறிந்துகொண்டுதான் வாடகையாளர் குடிபுகுந்தார் என்றாலும் அந்தக் கடமை நீங்காது. “பாத்துத்தானே வந்தனீங்கள்?” என்று கேட்கும் அண்ணைமார் இந்த ஒரு விதியையாவது அறிந்துகொள்வது நல்லது. உரிமைகளை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்து வாங்கினாலும் அக்கையெழுத்து செல்லாது. கடைசி மாத வாடகைக்கான வைப்பை மட்டுமே முற்பணமாகக் கேட்கலாம். சேதத்துக்கென்று தனியாக வாங்கும் பணம் சட்டவிரோதமானது.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். செப்ரெம்பர் 1 முதல் யூன் 15 வரை, வெப்பம் வழங்கும் பொறுப்பு உரிமையாளருடையதாக இருக்குமிடத்து, குடியிருப்பில் ஆகக்குறைந்தது 20 பாகை செல்சியஸ் வெப்பநிலை இருக்கவேண்டும். நிலக்கீழ்த் தளங்களின் அவலம் என்னவென்றால், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி பெரும்பாலும் மேல்தளத்தின் சுவரில் இருக்கின்றது. மேலே இருப்பவர்கள் காலையில் வேலைக்குச் செல்லும்போது சிக்கனத்துக்காக அதைக் குறைத்துவிடுகின்றனர். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போவோர் மூன்று வாரங்களுக்கே குறைத்துவிட்டுப் போகின்றனர். கீழே ஒரு குழந்தை இருமிக்கொண்டிருப்பது விமானத்தில் ஏறியவர்களுக்குக் கேட்பதில்லை. ஒரு சிறிய வெப்பமானியை வாங்கி, நாளும் நேரமும் தெரியும்படி படமெடுத்து வைத்திருங்கள். வெப்பத்தையோ நீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் வேண்டுமென்றே நிறுத்தினால் அது சட்டப்படி குற்றம். மாகாண அரசின் வாடகை வீட்டு அமலாக்கப் பிரிவிடம் முறையிடலாம்.

“எங்கட பேஸ்மென்ற் பதிவில்லாதது, முறைப்பாடு செய்தால் எங்களைத்தான் வெளியேற்றுவார்கள்” என்ற அச்சம் பரவலாக உள்ளது. அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1994 இல் பொப் ரே தலைமையிலான அரசு நிலக்கீழ்க் குடியிருப்புகளுக்கு மாகாணமெங்கும் அனுமதியளித்தது. அடுத்து வந்த மைக் ஹரிஸ் அரசு 1996 இல் அதைத் திரும்பப் பெற்றது. மார்க்கம் மாநகரசபை 2018 இல் நகர் முழுவதற்குமான அனுமதியை நிராகரித்தது. 2022 இன் இறுதியில் மாகாண அரசின் சட்டம் ஒரு குடிமனைக் காணியில் மூன்று குடியிருப்புகள் வரை அனுமதித்த பின்னர்தான் நிலைமை மாறியது. ஆயினும் கட்டட அனுமதியும் தீப்பாதுகாப்பு விதிகளும் இன்றும் பொருந்தும். அவை நிறைவேற்றப்படாத வீடுகள் உள்ளன. வீடு பதிவில்லாதது என்பதால் வாடகையாளரின் உரிமை அற்றுப்போவதில்லை. பதிவில்லாமை உரிமையாளரின் தவறு. அதே வேளை, மாநகர அதிகாரிகள் குடியிருப்பை மூட உத்தரவிடும் வாய்ப்பும் உண்மையானதே. எனவே ஒழுகும் குழாய்க்கும் பூஞ்சணத்துக்கும் முதலில் உரிமையாளருக்குக் கடிதம், பின்னர் நடுவர் சபை என்ற ஒழுங்கே பொருத்தமானது. ஆனால் புகை எச்சரிக்கைக் கருவி இல்லை, தப்பி வெளியேற வழியில்லை என்றால் அங்கே கணக்குப் பார்க்க இடமில்லை. தீயணைப்புத் திணைக்களத்தை அழையுங்கள்.

மாணவர்கள் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. உரிமையாளரோடோ, அதே வீட்டில் வாழும் அவரது துணை, பிள்ளை, பெற்றோருடனோ சமையலறையை அல்லது குளியலறையைப் பகிரவேண்டும் என்பது ஏற்பாடானால் இந்தச் சட்டம் உங்களைப் பாதுகாக்காது. “சாப்பாட்டோடு அறை” என்று விளம்பரம் செய்யப்படும் பல இடங்கள் இந்த வகையினவே. பணம் கொடுக்குமுன் கேட்டுத் தெளியுங்கள்.

இனிக் கடிதம். 2016 இல் மின்தூக்கிப் பழுது தொடர்பான ஒரு வழக்கில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. பழுது ஏற்பட்ட கணத்திலேயே உரிமையாளர் கடமை தவறியவராகிவிடுவதில்லை. அவர் அதற்கு எவ்வாறு செயற்பட்டார் என்பது உட்பட முழுச் சூழலையும் பார்க்கவேண்டும் என்றது. இதன் பொருள் என்ன? உரிமையாளருக்கு எப்போது தெரியும், தெரிந்த பின் என்ன செய்தார் என்பதே வழக்கின் உயிர்நாடி. கோயில் வாசலில் வாயாற் சொன்னதற்கு நாளும் இல்லை, சாட்சியும் இல்லை. கணினித் துறையில் இருக்கும் எமக்கு இது புதிதல்ல. பதிவேட்டில் ஏறாத குறைபாட்டை எந்தப் பொறியியலாளரும் திருத்துவதில்லை. கேட்டால் “எனக்கு யாரும் சொல்லவில்லை” என்பார். மின்னஞ்சலில் நாலு வரி போதும்: என்ன பழுது, எப்போது தொடங்கியது, எந்தத் திகதிக்குள் திருத்தவேண்டும், படங்கள் இணைப்பில். ஆத்திரமும் வேண்டாம், மன்றாட்டமும் வேண்டாம். “அண்ணை” என்றே விளித்து எழுதலாம், தவறில்லை.

பதில் வரவில்லையெனில் வீட்டு உரிமையாளர் - வாடகையாளர் நடுவர் சபைக்கு ரி6 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கலாம். சபை வாடகையிற் குறைப்பு வழங்கலாம், திருத்த வேலைக்கு உத்தரவிடலாம், வாடகை உடன்பாட்டை முடித்துவைக்கலாம். கட்டணம் செலுத்த இயலாதோர் விலக்குக் கோரலாம்.

எம்மவர் மத்தியில் உலவும் அறிவுரைகளில் மிக ஆபத்தானது “வாடகையை நிற்பாட்டு, தானாக ஓடிவருவார்” என்பது. தயவுசெய்து செய்யாதீர்கள்! வாடகையை நிறுத்திய மறுகணம் குற்றம் சாட்டப்படுபவர் நீங்கள். 2025 நவம்பரில் மாகாண சட்டசபை நிறைவேற்றிய சட்டமோ, நிலுவை வழக்கொன்றில் வாடகையாளர் திருத்தவேலைக் குறைகளை எழுப்புவதாயின் நிலுவையிற் பாதியை முற்கூட்டியே செலுத்தவேண்டும் என்ற ஏற்பாட்டையும் உள்ளடக்கியது. வாடகையைத் தடம் தெரியும் வகையில், காசோலையாகவோ வங்கி மின்பரிமாற்றமாகவோ செலுத்துங்கள்.

உரிமையாளர் தரப்புக்கும் சொல்லுண்டு. 2022 இன் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த கனடிய மத்திய வங்கியின் வட்டி 2023 யூலையில் 5 வீதத்தைத் தொட்டது. வீட்டுக் கடனே கழுத்தை நெரிக்கும்போது புது வெப்பமூட்டிக்கு எங்கே போவது என்று கேட்கின்றனர். வாடகை தராமல் ஏமாற்றுவோரும் எம்மிடையே உள்ளனர். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் வட்டி ஏறியது தொலைபேசியை எடுக்காமைக்கு நியாயமாகுமா? “திருத்துநர் வியாழக்கிழமை வருவார்” என்று ஒரு வரி எழுதச் செலவு எவ்வளவு? பெருநிறுவனம் இப்படிச் செய்தால் இனவாதம் என்று குரலெழுப்பும் நாம், எம் இனத்தவரே செய்யும்போது ஏன் குரலைத் தாழ்த்துகின்றோம்?

நடுவர் சபை விரைந்து நீதி வழங்கும் என்று நான் ஆசைகாட்டப் போவதில்லை. 2023 மே மாதத்தில் மாகாண முறைகேள் அதிகாரி போல் டுபே வெளியிட்ட அறிக்கை 38,000 க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்ததைக் கண்டது. வாடகையாளரின் விண்ணப்பங்கள் ஈராண்டு வரைகூடக் காத்திருந்தன. சபையைச் சீர்செய்ய 61 பரிந்துரைகளை அவர் முன்வைத்தார். தாமதம் பெரிதென்பதாற்றான் முதல் நாளிலிருந்தே எழுத்திற் பதிய வேண்டியிருக்கின்றது. ஈராண்டின் பின் நினைவு மங்கும், மின்னஞ்சல் மங்காது.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் ஒன்று கேட்கின்றேன். நாலு வரி ஆங்கிலக் கடிதம் உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. உங்கள் வீட்டு நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக்கு இருப்பவர் உங்கள் வயதினராகவே இருக்கலாம். கீழே இறங்கிச் சென்று எத்தனை பாகை இருக்கின்றதென்று பாருங்கள். குறைவாக இருந்தால் முதலில் அப்பாவிடம் கேளுங்கள். பெற்றோரே, பிள்ளை கேட்டால் வாயை அடைக்காதீர்கள்.

முறையிட்டதற்காக வெளியேற்றி விடுவார்களோ என்று அஞ்சுவோருக்கு: வாடகையாளர் தன் சட்ட உரிமையைக் கோரியதுதான் வெளியேற்ற விண்ணப்பத்துக்குக் காரணம் என்று கண்டால், நடுவர் சபை அதை மறுத்தே ஆகவேண்டும். உரிமையாளரின் வாய்ச்சொல்லைக் கேட்டுப் பெட்டியைக் கட்டாதீர்கள். சபையின் உத்தரவின்றி எவரும் உங்களை வெளியேற்ற முடியாது, பூட்டை மாற்றவும் முடியாது. வருமானம் குறைந்தோருக்கு யோர்க் பிராந்திய சமூக சட்ட உதவி நிலையம் இலவச ஆலோசனை வழங்குகின்றது. ரி6 விண்ணப்பத்துக்கு ஓராண்டுக் கால எல்லை உண்டு. கடந்த மாரியின் குளிருக்கு இன்னும் எழுதாதிருப்போர் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.